ரெண்டு நிமிஷம்னாலும் பூட்டுங்க

"கிராமத்துல சைக்கிளுக்குப் பூட்டு எதுக்குங்க?" என்று பட்டணத்திலிருந்து வரும் நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வருது.

போன வருஷம் செஞ்சி கடைத்தெருவில் உரம் விலை விசாரிக்க இறங்கினேன். ரெண்டே நிமிஷம். மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கொடுத்த அரசு சைக்கிள். பின்சக்கர வளையப் பூட்டு போட்டுத்தான் இருந்தேன். அது சக்கரத்தை உருளவிடாது, அவ்வளவுதான். வண்டியோட தூக்கிட்டுப் போறவனை என்ன செய்யும்? அந்த வருஷம் முழுக்கப் புள்ள நடந்தே பள்ளிக்கூடம் போச்சு.

இப்போ சீட்டுக்கு அடியில் மெல்லிசா ஒரு கம்பிப் பூட்டு சுருண்டு கிடக்கு. கனமே தெரியாது. நம்பர் பூட்டு, சாவி தேட வேண்டாம். சைக்கிள் பாரையும் விளக்குக் கம்பத்தையும் சேர்த்து ஒரு சுற்று, முடிஞ்சது.

"கட்டர் வெச்சா அறுத்துடலாமே?" அறுக்கலாம். ராத்திரிக்கு அதை நம்பாதீங்க. எங்க செஞ்சிக் கோட்டையையே 1690-ல் முற்றுகை போட்ட மொகலாயர் 1698-ல் பிடிச்சுட்டாங்க. எந்தப் பூட்டும் வர்றவனைத் தாமதப்படுத்தத்தான். நான் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் தாங்கினா போதும்.

கிராமத்து நேர்மையைப் புகழ்ந்துட்டு நீங்க பஸ் ஏறிடுவீங்க. நடக்கிறது எங்க புள்ளைங்க.