பொதியும் மறுமொழியும்

குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுக்கு அனுப்பும் பொதியொன்றை வள்ளக்காரரிடம் ஒப்படைக்கின்றோம். "ஏத்தியாச்சு" என்பார் அவர். அச்சொல் பொதி வள்ளத்தில் ஏறியமைக்கே சான்று. உரியவர் கையிற் சேர்ந்தமைக்குச் சான்று அன்று. நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல் கிடக்கின்றது. சோளகம் எழுந்தால் அக்கடலின் குணம் எத்தகையது என்பதைத் தீவாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கணினிக்குள்ளும் இத்தகைய கடல் ஒன்று உண்டு. பணிசெயல் முறைமையின் மையப் பகுதியைக் கெர்னல் என்பர். "இதனை வட்டில் எழுதுக" எனச் செய்நிரல் கேட்டதும், கெர்னல் அதனை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆயிற்று" என உடனே விடை தந்துவிடும். வட்டில் எழுதுவதோ சிறிது நேரங் கழித்து. அப்பொழுது பிழை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? கேட்டவர்தாம் விடையை நம்பி வேறு வேலைக்குப் போய்விட்டாரே!

"தந்தவையெல்லாம் வட்டைச் சேர்ந்தனவா?" என்று வினவுதற்கென்றே எப்சிங்க் என்னும் அழைப்பு அமைந்துள்ளது. சேர்ந்தால் 0, சேராவிடின் பிழை எண். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் பிழை வந்தால் மீண்டும் கேட்கும். 0 வந்ததும் அமைதியுறும். நியாயமான நடைமுறைதானே என்று வாசகர் எண்ணலாம். 2018ஆம் ஆண்டில் அதனைப் பேணுவோர் கண்டது வேறு. லினக்ஸ் கெர்னல் தோல்வியை ஒருமுறை அறிவித்துவிட்டு, எழுதப்படாத பக்கத்தையும் எழுதப்பட்டதாகவே குறித்துக்கொள்ளும். இரண்டாந் தடவை கேட்டாற் கிடைக்கும் 0 வெறும் மௌனமே. ஏறக்குறைய 20 ஆண்டுகள் இவ்வாறு நம்பி வந்தார்கள்! மக்களின் சேமிப்புக் கணக்குகளும் பரீட்சைப் பெறுபேறுகளும் தரவுத்தளங்களிலன்றோ உறைகின்றன? 2019 பெப்ரவரியில் திருத்தம் வந்தது. இப்பொழுது எப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரஸ் மறுபடி கேளாது. தன்னை நிறுத்திக்கொண்டு, முன்னரே எழுதி வைத்த மாற்றப் பதிவேட்டிலிருந்து மீளத் தொடங்கும். கடுமையான வழிதான், எனினும் நேர்மையான வழி.

அதே 2019இல் லினக்ஸ் 5.1 உடன் வந்த ஐஓ யூரிங் இவ்விரு விடைகளையும் வெளிப்படையாகவே பிரித்துவிட்டது. விண்ணப்பத்துக்கு ஒரு வரிசை, முடிவுக்கு வேறொரு வரிசை. விண்ணப்பித்தவுடன் 1 என வந்தால், ஒரு விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பதே பொருள். வட்டுப் பிழையைக் குறிக்கும் -5 மற்றை வரிசையிலேயே வரும். முடிவுகள் கேட்ட ஒழுங்கில் வாரா. ஆதலின் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஓர் அடையாள எண்ணை அனுப்புவர். வழுத்தேடும் இளைஞர் முதல் விடையிலேயே கண்ணை வைத்திருந்தால், எல்லாம் நலமாகவே தோன்றும். அடையாள எண்ணைக் கொண்டு இரண்டாம் வரிசையைத் துருவ வேண்டும். முடிவு வரும்வரை, கெர்னலிடம் கொடுத்த நினைவிடத்தை வேறொன்றுக்கு எடுத்தாளவும் கூடாது.