மண்ணுக்குள் கிடந்த கடன் பத்திரம்

லண்டன் நகரின் பழைய பகுதியில் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டுமா? பணம் மட்டும் போதாது. மனைக்காரர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை.

1954-ம் ஆண்டு. வால்புரூக் என்ற தெருவில், யுத்தத்தின்போது குண்டு விழுந்து பாழான மனை ஒன்று. அங்கே பெரிய அலுவலகம் கட்ட ஏற்பாடு. அதற்கு முன் கிரைம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் தோண்டிப் பார்த்தார். ரோமானியர் கட்டிய கோவில் தெரிந்தது. செப்டம்பர் 18, தோண்டுவதற்குக் கடைசி நாள். அன்றுதான் சலவைக்கல் தலை ஒன்று வெளியே வந்தது. மித்ராஸ் என்ற தெய்வத்தின் தலை!

ஜனங்கள் திரண்டார்கள். சில வாரங்களில் சுமார் 4 லட்சம் பேர் பார்த்தார்கள். சர்ச்சில் மந்திரி சபையே இதுபற்றிப் பேசியது. ஆனாலும் கோவிலைக் கல் கல்லாகப் பெயர்த்து, 1962-ல் சுமார் 100 மீட்டர் தள்ளி அடுக்கி வைத்தார்கள்.

1989-ல் மறுபடியும் தகராறு. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த 'ரோஸ்' கொட்டகையின் அடித்தளம் ஒரு கட்டட மனையில் கிடைத்தது. நடிகர்கள் தெருவில் நின்று போராடினார்கள். கட்டடத்தின் அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே சர்க்கார் விதி செய்தது: முதலில் ஆராய்ச்சி, பிறகு அனுமதி.

எப்படி ஆராய்கிறார்கள்? தொடக்கத்தில் மண்வெட்டிக்கு வேலை இல்லை. பழைய வரைபடங்களைப் பார்ப்பார்கள். பக்கத்து மனைகளில் என்ன கிடைத்தது என்று கேட்பார்கள். பழைய நிலவறை எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். நிலவறை தோண்டிய இடத்தில் பழம்பொருள் அழிந்திருக்கும். அதற்கும் கீழே இருப்பது தப்பியிருக்கும். பிறகு துளை போட்டு மண்ணை எடுப்பார்கள். ஈர மண் என்றால் அதிர்ஷ்டம். காற்றுப் படாத ஈரத்தில் மரமும் தோலும் மட்காது. கடைசியில்தான் சோதனைக் குழி.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. செலவு மனைக்காரருடையது. ஆராய்கிறவருக்குக் கூலி கொடுப்பவரும் அவரே. "ஒன்றும் இல்லை" என்ற பதில்தான் அவர் காதுக்கு இனிக்கும். அறிக்கையைச் சரிபார்க்க ஊராட்சித் தரப்பில் நிபுணர் இல்லாவிட்டால் விதி வெறும் காகிதம்தான்.

1954-ல் கோவில் கிடைத்த அந்த மனைக்கே திரும்புவோம். 'புளூம்பெர்க்' கம்பெனி அங்கே புதிதாகக் கட்டியது. ஒரு தடவை தோண்டிய இடத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? வால்புரூக் என்பதே மண்மூடிப்போன ஓர் ஓடையின் பெயர். அதன் ஈரம் காப்பாற்றியிருந்தது. 2010 முதல் 2014 வரை தோண்டியதில் சுமார் 14 ஆயிரம் பொருள்கள் கிடைத்தன. அவற்றில் 405 மரப் பலகைகள். மெழுகு பூசி எழுத்தாணியால் எழுதியவை. மெழுகு போய்விட்டது, மரத்தில் கீறல் நின்றது.

ஒரு பலகை கடன் பத்திரம். தேதி கி.பி. 57, ஜனவரி 8. வாங்கிய சரக்குக்காக, திபுல்லஸ் என்பவர் கிராட்டஸ் என்பவருக்கு 105 வெள்ளிக்காசு தர வேண்டும்!

கோவிலும் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 2017 நவம்பரில், புதுக் கட்டடத்தின் கீழே சுமார் 7 மீட்டர் ஆழத்தில் திறந்து வைத்தார்கள். பார்க்கக் கட்டணம் வாங்கவில்லை.