பாட்டுக்கும் ஊர்ப் பெயர் வேண்டும்!

கருங்கல் வட்டாரத்துக் கோவில்களில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும். வில்லின் மணி ஓசை, குடத்தின் தாளம், உடுக்கையின் முழக்கம், நடுவே புலவரின் குரல்! இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் செல்போன். பாட்டு தொடங்கியதும் பத்துப் பேராவது கையை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள்.

பிறகு அந்தப் பதிவுகள் என்ன ஆகின்றன? பாடியவர் யார், எந்த ஊர், என்ன கதை என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. போன் பழுதானால் பாட்டும் போயிற்று.

இந்த விஷயத்தில், கடல் கடந்த ஒரு பாட்டுக் கோஷ்டியிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

பறந்து பறந்து பாடினார்கள்

அந்தக் கோஷ்டியின் பெயர் 'அயர்ன் மெய்டன்'. 1975-ம் ஆண்டு லண்டனில் தொடங்கியது. அவர்களுடைய இசைக்கு 'ஹெவி மெட்டல்' என்று பெயர். மின்சார கிதாரும் டிரம்மும் இடி போல முழங்கும் இசை அது.

2008-ம் ஆண்டு அவர்கள் உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டார்கள். ஆட்களும் வாத்தியங்களும் ஒரே விமானத்தில்! அதை ஓட்டியவர் யார் தெரியுமா? கோஷ்டியின் பாடகர் புரூஸ் டிக்கின்சனேதான்! 45 நாட்களில் 23 கச்சேரிகள் நடத்தினார்கள். முதல் கச்சேரி பிப்ரவரி 1-ந் தேதி நம் மும்பையில் நடந்தது.

2009-ம் ஆண்டு அந்தப் பயணம் 'பிளைட் 666' என்ற படமாகவும் இசை ஆல்பமாகவும் வெளிவந்தது. ஆல்பத்தில் 16 பாட்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர் மேடையில் பதிவானது. முதல் பாட்டு மும்பை. அடுத்தவை மெல்போர்ன், சிட்னி, டோக்கியோ என்று போகின்றன. எந்தப் பாட்டு எந்த ஊரில் பாடியது என்பதையும் குறித்திருக்கிறார்கள். ரசிகர்களின் ஆரவாரத்தையும் வெட்டி எறியவில்லை.

கூட்டமும் பாடுகிறது

ஒலிப்பதிவுக் கூடத்தில் தவறு வந்தால் திரும்பப் பாடலாம். மேடையில் அது முடியாது. ஆனால் மேடையில்தான் பாட்டுக்கு உயிர் வருகிறது. காரணம், எதிரே இருக்கும் மக்கள்.

வில்லுப்பாட்டும் அப்படித்தான். புலவர் ஒரு வரி சொல்ல, கூட இருப்பவர்கள் 'ஆமா' போடுகிறார்கள். கூட்டம் சிரித்தால் கதை நீள்கிறது. குழந்தைகள் தூங்கி வழிந்தால் உடுக்கை ஓங்கி ஒலிக்கிறது. கதையைப் புத்தகமாக அச்சிடலாம். அந்த ராகத்தையும் அந்த இரவையும் அச்சிட முடியுமா? மூத்த புலவர் ஒருவர் கண்ணை மூடினால், அவர் பாடிய விதமும் அவரோடு போய்விடுகிறது.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கொடை நடத்துகிறவர்கள் புலவரின் சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளட்டும். ஒரு போனை மேடை அருகே வைத்து, கதை முழுவதையும் பதிவு செய்யட்டும். தொடக்கத்திலேயே ஊர், தேதி, கதை, பாடுகிறவர், குடம் அடிப்பவர் பெயர்களை ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு பிரதி புலவர் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று ஊர் நூலகத்தில் இருக்கட்டும்.

மும்பையின் பெயர் அந்த ஆல்பத்தில் நிற்கிறது. நம் ஊர்ப் பெயரும் நம் பாட்டோடு நிற்க வேண்டாமா?

கல்லில் எழுதினால் அழியாது என்பார்கள். கருங்கல்லின் பாட்டு காற்றோடு போகலாமா?