விளக்கு எரியவில்லை என்றால் இயந்திரம் நலமா?

மாணவர்களே, அடுத்த முறை அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றும்போது பட்டறையில் கொஞ்சம் நின்று பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் பட்டறையில் நான் அப்படித்தான் நிற்பேன். சில வண்டிகளில் எண்ணெய் வடிக்கும் திருகாணியின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறச் சேறுபோல ஒட்டியிருப்பது, பற்சக்கரங்கள் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் தூள். தூள் மட்டும் என்றால் பயமில்லை. பளபளக்கும் செதில்கள் கிடந்தால் உள்ளே ஏதோ உடையத் தொடங்கிவிட்டது.

ஹெலிகாப்டர் கியர்பெட்டியிலும் இதே காந்தம்தான். அதன் இரு முனைகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். செதில் வந்து பாலம்போல் ஒட்டினால் மின்சுற்று மூடும், விமானிக்கு முன்னால் விளக்கு எரியும்.

2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் ஒரு எச்225 சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் சுழலி பறக்கும்போதே கழன்று போனது. அதிலிருந்த 13 பேரும் இறந்தனர். நம் அரச மலேசிய விமானப்படையின் இசி725 அதே குடும்பத்தைச் சேர்ந்தது. விபத்துக்கு முன் எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. கியர்பெட்டியின் ஒரு பற்சக்கரத்தில் விரிசல், உலோகத்துக்கு உள்ளேயே வளர்ந்து, அதிகம் செதில் உதிர்க்காமல் பிளந்துவிட்டது.

அப்படியானால் இன்னும் நுண்மையான உணரி வேண்டும் என்பீர்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான்.

இப்போது எண்ணெய்க் குழாயைச் சுற்றிக் கம்பிச்சுருள் வைக்கிறார்கள். இரும்புத் துகள் கடந்தால் சுருளின் தூண்டல் கூடும். செம்பு, அலுமினியம் கடந்தால் சுழல் மின்னோட்டத்தால் குறையும். காந்தத்தில் ஒட்டாத உலோகமும் இதில் அகப்படும். படிவம் 5 இயற்பியலின் மின்காந்தவியல் பாடம்தான் இது. சிக்கல் எங்கே தெரியுமா? சமிக்ஞை துகளின் கன அளவைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் சமிக்ஞை எட்டில் ஒரு பங்காகிவிடும்! சிறு துகளைப் பிடிக்கக் குழாயை ஒடுக்கினால், போதிய எண்ணெய் ஓடாது. அதனால் பல மெல்லிய குழாய்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள் வைத்து ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். நல்ல முயற்சி.

ஆனால் துகளே உணரியிடம் வராவிட்டால்? வந்தும் மனிதர் தவறாகப் படித்தால்? இதே சூப்பர் பூமா வகையில் இன்னொரு ஹெலிகாப்டர் 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்து கடலில் விழுந்து 16 பேர் இறந்தனர். அதற்கு ஒரு வாரம் முன்பே, மார்ச் 25 அன்று, அதன் கியர்பெட்டியில் ஒரு செதில் கிடைத்திருந்தது. பராமரிப்பாளர்களும் தயாரித்த நிறுவனமும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசியதில் புரிதல் குழம்பி, ஒரு முக்கியப் பரிசோதனை விடுபட்டது. உள்ளே எண்ணெய்த் தட்டுகளில் பொருத்தியிருந்த காந்தங்கள் வேறு, உணரியை அடைய வேண்டிய துகள்களை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியவை. பின்னர் அந்தக் காந்தங்களை அகற்றச் சொன்னார்கள்.

உணரியை எங்கே வைப்பது, அது சொல்வதை யார் படிப்பது, அதிர்வையும் கூடவே அளப்பதா என்பதற்கும் அதே அளவு மூளை செலவழிய வேண்டும் என்பேன். கிள்ளான் துறைமுகத்திலோ விமானக் கொட்டகையிலோ நாளை வேலைக்குப் போகப்போகிறவர்கள் உங்களில் பலர். இப்போதைக்குப் பட்டறை அண்ணனிடம் கேட்டு, அந்தத் திருகாணியை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்.