பெருக்கிகளுக்குள் ஒரு வகுப்புவாதம்

உயர்தர ஒலிக்கருவிகளில் நாட்டம் கொண்டோர் கூடுமிடமெல்லாம் ஒரு தீர்ப்பு ஓயாமல் ஓதப்படுகிறது. ஏ வகுப்பு ஆம்ப்ளிஃபயரில் உயிர் உண்டு, ஏபி வகுப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், டி வகுப்பு என்பது கடைத்தெரு சரக்கு என்பதே அது. இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம். நன்கு வடிவமைக்கப்பட்ட இன்றைய டி வகுப்புப் பெருக்கி, மரபுவழிப் பெருக்கிகளுக்கு நிகராக நிற்கிறது. அளவீடுகளில் அவற்றுள் பலவற்றை விஞ்சியும் விட்டது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைக் களைவோம். டி என்பது 'டிஜிட்டல்' என்பதன் சுருக்கமன்று. ஏ, பி, சி என்று பெயரிட்டு வந்தவர்கள் அடுத்த எழுத்தைச் சூட்டினார்கள், அவ்வளவே. ஏ வகுப்பில் டிரான்சிஸ்டர் எந்நேரமும் மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். பாட்டு நின்ற பின்னும் சூடு தணியாது. ஏட்டுக் கணக்கில்கூட அதன் பயனுறுதிறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது. பி வகுப்பின் உச்சவரம்பு 78.5 விழுக்காடு. டி வகுப்பிலோ டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்திருக்கும், அல்லது முழுவதும் மூடியிருக்கும். இசையின் ஏற்ற இறக்கம் துடிப்புகளின் அகலமாக மாறுகிறது. நொடிக்குப் பல லட்சம் முறை நிகழும் இத்துடிப்புகளைக் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிப்பான் தடுத்து நிறுத்தி, இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகிறது. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட திறன் இதனால் கைகூடுகிறது.

டி வகுப்புக்குக் கெட்ட பெயர் காரணமின்றி வந்ததன்று. 1964-இல் கிளைவ் சின்கிளேர் இங்கிலாந்தில் விற்பனைக்கு விட்ட எக்ஸ்-10, இவ்வகையின் முதல் வணிக முயற்சிகளுள் ஒன்று. அக்காலத்து டிரான்சிஸ்டர்களுக்கு அதற்குரிய வேகம் இல்லை, முயற்சி தோற்றது. பின்னர் வந்தவற்றுள் பலவற்றிலும் ஒரு குறை நீடித்தது. பிழை திருத்தும் பின்னூட்டச் சுற்று வடிப்பானுக்கு முன்பே முடிந்துவிட்டதால், இணைக்கும் ஸ்பீக்கருக்கு ஏற்ப உச்சத்தொனிகள் கூடின, குறைந்தன.

அக்குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் புரூனோ புட்செய்ஸ். பிலிப்ஸில் பணியாற்றியபோது, வடிப்பானைக் கடந்து வரும் அலையிலிருந்தே பின்னூட்டத்தைப் பெறும் யுசிடி வடிவமைப்பை அவர் உருவாக்கினார். ஹைபெக்ஸின் என்கோர் அதன் அடுத்த படி. 2019-இல் லார்ஸ் ரிஸ்போவுடன் இணைந்து ப்யூரிஃபை நிறுவனத்தின் ஐகன்டாக்ட் பெருக்கியைக் கொணர்ந்தார். அதன் திரிபு 0.001 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மாரன்ட்ஸின் பிஎம்-10 ஹைபெக்ஸையும், 2020-இல் வந்த என்ஏடி எம்33 ப்யூரிஃபையையும் ஏற்றன. 1964-இன் தோல்வியைக் காட்டி இவற்றை இகழ்வது, பாட்டனின் கடனுக்குப் பேரனைச் சிறைவைப்பதாகும்.

"எண்கள் கிடக்கட்டும், செவியல்லவா நீதிபதி?" என்பார்கள். செவியே நீதிபதியாகட்டும்; ஆனால் பெயர்ப்பலகையை மறைத்துவிட்டுக் கேட்கட்டும். இலக்கியம் பயின்றோருக்கு இம்முறை புதிதன்று. கவிஞர் பெயரை நீக்கிய கவிதைகளை மாணவரிடம் கொடுத்து, அவர்களது மதிப்பீடுகள் எவ்வளவு தடுமாறின என்பதை ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1929-இல் நூலாகவே எழுதினார். 1978-இல் ஜேம்ஸ் மோயர் இதையே பெருக்கிகளுக்குச் செய்தார். குவாட் நிறுவனத்தின் வால்வுப் பெருக்கி ஒன்றையும் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் இரண்டையும் பெயர் தெரியாமல் கேட்ட குழுவினரால் நம்பத்தக்க வகையில் பிரித்தறிய இயலவில்லை. 1985-இல் பாப் கார்வர், விலையுயர்ந்த வால்வுப் பெருக்கி ஒன்றின் ஒலியைத் தம் மலிவான டிரான்சிஸ்டர் பெருக்கியில் சில நாட்களில் பிரதியெடுத்தார்; சவால் விட்ட ஸ்டீரியோஃபைல் இதழினரே வேறுபாடு காணமுடியாமல் ஒப்புக்கொண்டனர். இவ்விரு சோதனைகளிலும் டி வகுப்பு இடம்பெறவில்லை. எனினும், 'உயிர்' என்று போற்றப்பட்டது அளக்கவும் நகலெடுக்கவும் கூடிய மின்பண்பே என்று அவை உணர்த்துகின்றன.

வால்வின் திரிபு செவிக்கு இனிக்கிறது என்பாரோடு நமக்குப் பூசல் இல்லை. அது சுவை, சுவையைச் சுவை என்றே சொல்லட்டும், உண்மை என்று முடிசூட்ட வேண்டா. மரபுவழிப் பெருக்கியில் எரிந்த டிரான்சிஸ்டரைத் தெருமுனை மெக்கானிக்கே மாற்றிவிடுவார். டி வகுப்பில் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரும். இது மெய்யான குறை. மின்வழங்கியில் சிக்கனம் பிடித்த மலிவுப் பலகைகள் இரைச்சலிடுவதும் உண்மையே. ஆனால் இவை தனிப்பட்ட கருவிகளின் குறைகள், வகுப்பின் குற்றங்களாகா.

இவ்வழக்கில் இழப்பு யாருக்கு? குறைந்த ஊதியத்தில் நல்லிசை கேட்க விழையும் இளைஞருக்கே. கனத்த இரும்புப் பெட்டியும் தகிக்கும் வெப்பமும் இல்லாவிடில் இசையே இல்லை என்று அவரை அச்சுறுத்துவோர், ரசனையின் பெயரால் வாயிற்காவல் புரிகிறார்கள். பெருக்கியிடம் கேட்க வேண்டியவை மூன்றே: என்ன திரிக்கிறது, எவ்வளவு இரைகிறது, எந்த ஸ்பீக்கரைத் தாங்குகிறது. இவற்றுக்கு விடை கிடைத்த பின்னும் எந்த வகுப்பு என்று விசாரிப்பது, பாட்டைக் கேட்ட பின் பாடகரின் குலத்தை விசாரிப்பதற்கு ஒப்பாகும்.