சிவப்பு என்று வாங்கினால் ரோஸ்!

முக்கியமானதையெல்லாம் சிவப்பு மையில் எழுதுவது நம் வீடுகளில் ரொம்ப நாள் பழக்கம். பால் கணக்கில் பாக்கி, காலண்டரில் சீட்டுக் கட்ட வேண்டிய தேதி, பரீட்சைப் பேப்பரில் மார்க் எல்லாமே சிவப்புதான். ஆனால், பேனா மைகளில் சீக்கிரம் அழிந்துபோகிற நிறங்களில் ஒன்று இதே சிவப்பு!

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, குடும்ப நோட்டு ஒன்று நனைந்துவிட்டதாம். நீல மையில் எழுதியிருந்தது மங்கலாகவாவது தெரிகிறது. அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர்களை மட்டும், கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று சிவப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பது வெளிறிய ஒரு கறை மட்டும். 'தண்ணீரில் கரையாத சிவப்பு மை கடையில் விற்கிறார்களே, இங்க் பேனாவில் ஊற்றி எழுதலாமா?' என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்வி. அதனால், அப்படிப்பட்ட வெளிநாட்டு மை ஒன்றை வாங்கி ஒன்றரை மாதம் எழுதிப் பார்த்தேன். 50 மில்லி பாட்டில், விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். பெயர் வேண்டாம். இந்த வகை மைக்கே உள்ள சிக்கலைத் தெரிந்துகொண்டால், எந்த பிராண்டையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

சாயமா, நிறமியா?

சாதாரண பேனா மை என்பது சாயம். சர்க்கரை மாதிரி தண்ணீரில் முழுசாகக் கரைந்திருக்கும். அதனால் பேனாவில் தடையில்லாமல் ஓடும். மறுபடி தண்ணீர் பட்டால், அதே சர்க்கரை மாதிரி மறுபடி கரைந்தும் போகும்.

பிக்மென்ட் மை வேறு ரகம். நிறமி தண்ணீரில் கரையாது. மிக நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டிருக்கும். கேப்பைக் கூழில் மாவு நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். எழுதி உலர்ந்ததும் துகள்கள் காகிதத்தில் பிடித்துக்கொள்ளும். கரையாத பொருள் என்பதால், பிறகு தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும்.

கறுப்பில் இது நன்றாகவே வேலை செய்கிறது. கறுப்பு நிறமி என்பது கரித்தூள். விளக்குக் கரியை ஓலைச்சுவடியின் கீறல்களில் தேய்த்து எழுத்தைத் தெரியவைத்த நமக்கு இது புதிதல்ல. ஜப்பானின் பிளாட்டினம், சைலர் நிறுவனங்களின் கறுப்பு பிக்மென்ட் மைகளுக்கு நல்ல பெயர் இருக்கிறது. சிவப்பில்தான் வம்பு.

எழுதிப் பார்த்ததில்...

ஒரே மாதிரி இரண்டு விலை குறைந்த பேனாக்கள். ஒன்றில் இந்த மை, இன்னொன்றில் உள்ளூர் சாதாரண சிவப்பு மை. கோடு போட்ட நோட்டு, ஜெராக்ஸ் பேப்பர், வழவழப்பான டைரி ஆகிய மூன்றிலும் எழுதினேன்.

முதல் ஏமாற்றம், நிறம். பாட்டிலில் பார்க்கும்போது மாதுளம்பழச் சாறு மாதிரி இருந்தது, பேப்பரில் ரோஸ் மில்க் ஆகிவிட்டது. பக்கத்தில் உள்ளூர் மையின் சிவப்பை வைத்துப் பார்த்தால் இன்னும் பரிதாபம்.

இதற்குக் காரணம் உண்டு. நல்ல அடர்சிவப்பு தரும் பழங்கால நிறமிகள் பலவும் கனமானவை. காவிக்கல் இரும்பு ஆக்சைடு, தண்ணீரைவிட சுமார் 5 மடங்கு அடர்த்தி. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, சுமார் 8 மடங்கு. இவை கோயில் சுவருக்கும் ஓவியத்துக்கும் சரி. பேனாவுக்குள் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே, எடை குறைந்த செயற்கை நிறமிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அவற்றில் வெயிலை நன்றாகத் தாங்கும் ஒரு பெரிய குடும்பம் குவினாக்ரிடோன். அதில் பலவற்றின் குணம் ரோஸ் பக்கம் சாய்வது. பல கலர் பிரின்டர்களில் இருக்கும் மெஜந்தா மைக்கும் இந்தக் குடும்பத்து நிறமிதான் உதவுகிறது.

இரண்டாவது ஏமாற்றம், தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. புள்ளி விழவில்லை! ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டு நிமிடம் யோசித்தால் நிப்பின் நுனியில் மை காய்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு முதல் இழுப்பு கொஞ்சம் வெளிறும், அடுத்தது சரியாகிவிடும். நமக்கோ மெய்யெழுத்துக்குப் புள்ளி என்பது ஒரே ஒரு தொடுதல். அந்தத் தொடுதலில் மை இறங்காவிட்டால் 'பட்டம்' என்பது 'படடம்' ஆகிவிடும். ஒரு பக்கம் எழுதி எண்ணிப் பார்த்தேன். 11 புள்ளிகளைக் காணோம். மருந்துப் பெயர் எழுதுகிற நோட்டில் இது விளையாட்டு இல்லை.

மூன்றாவது, டைரியின் வழவழப்பான தாளில் எழுதி ஒரு நாள் கழித்து விரலால் தேய்த்தேன். எழுத்து இழுபட்டு வந்தது. துகள்கள் உள்ளே இறங்க இடம் இல்லாமல் தாளின் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன்

தண்ணீர்ச் சோதனையில் இந்த மை ஜெயித்தது. எழுதி ஒரு நாள் ஆன நோட்டுத் தாளை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் ஒவ்வோர் எழுத்தும் அப்படியே இருந்தது. உள்ளூர் சிவப்பு, தாளையே ரோஜா நிறமாக்கிவிட்டுக் காணாமல்போயிருந்தது.

வெயில் சோதனையிலும் அப்படியே. பாதித் தாளை அட்டையால் மறைத்து, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவைத்தேன். பிக்மென்ட் மையில் மறைத்த பாதிக்கும் மறைக்காத பாதிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சாதாரண சிவப்பு மறைக்காத பாதியில் நன்றாக வெளிறிவிட்டது.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சிவப்பு மையில் காலங்காலமாகப் பயன்பட்ட சாயம் இயோசின். 1870-களில் ஜெர்மனியில் வந்தது. அழகான நிறம், ஆனால் வெளிச்சம் ஆகாது. ஓவியர் வான்கா 1890-ல் வரைந்த ரோஜாப் பூக்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன. இளஞ்சிவப்பாக வரைந்த அந்தப் பூக்கள் இன்று கிட்டத்தட்ட வெள்ளைப் பூக்கள். இயோசின் போன்ற சாயத்தில் செய்த சிவப்பு, வெளிச்சத்தில் போய்விட்டது.

பேனாவுக்கு என்ன ஆகும்?

இதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மை நிரப்பிய பேனாவை மூடி போட்டு ஐந்து நாள் தொடாமல் வைத்தேன். ஆறாவது நாள் எழுதவே இல்லை. கழற்றிப் பார்த்தால், நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் பள்ளங்களில் ரோஸ் நிறத்தில் பொருக்கு. சாதாரணத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, இரவு ஊறவைத்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் வந்தது. நான் எடுத்தது முழுக்கக் கழற்றக்கூடிய பேனா. கழற்ற முடியாத, அப்பா காலத்துப் பேனா என்றால் கதை முடிந்திருக்கும். சாய மை காய்ந்தால் தண்ணீரில் கரைத்துவிடலாம். நிறமி காய்ந்தால் கரையாது. கரையக் கூடாது என்றுதானே அதை வாங்கியதே!

பாட்டிலையும் மூன்று வாரம் அசைக்காமல் வைத்திருந்தேன். அடியில் மெல்லிய வண்டல். கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால் சேர்ந்துவிடுகிறது.

என் மார்க்: 10-க்கு 4. அந்த நாலும் தண்ணீருக்கும் வெயிலுக்கும். படம் வரைந்து மேலே வாட்டர் கலர் பூசுகிறவர்கள், தினமும் எழுதி வாரா வாரம் பேனாவைக் கழுவுகிறவர்கள் வாங்கலாம். வீட்டு நோட்டுக்கு வேண்டாம்.

அப்படியானால் எப்படி எழுதுவது?

* அழியவே கூடாத விஷயத்தைக் கறுப்பு பிக்மென்ட் மையில் எழுதுங்கள். இங்க் பேனா பராமரிப்பு தொல்லை என்றால், பிக்மென்ட் மை என்று அட்டையில் போட்டிருக்கும் ஜெல் பேனா போதும்.

* பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால், எழுத்து கறுப்பில், அடிக்கோடும் கட்டமும் சிவப்பில். தண்ணீர் பட்டால் சிவப்பு கலைந்து தாளில் கறை படியும். ஆனால், கறைக்கு நடுவே கறுப்பு எழுத்தைப் படிக்கலாம்.

* எழுதியதை ஒரு நாளாவது காயவிட்டு, பிறகு நனைத்துச் சோதியுங்கள். ஒவ்வொரு நோட்டின் தாளும் வேறு. கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

* 'இந்தியன் இங்க்' என்று டிராயிங் சாமான் கடையில் கிடைப்பதை இங்க் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு சேர்ப்பது வழக்கம். காய்ந்தால் பேனா நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

* மருந்து, ரத்த வகை, பாலிசி எண் போன்றவற்றை ஒரே நோட்டில் மட்டும் வைக்க வேண்டாம். இன்னொரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணில் வையுங்கள். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மையையும்விட நம்பகமானது இரண்டாவது பிரதிதான்.

அடுத்த வாரம் பச்சை மை. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து என்றாலே பச்சை நினைவுக்கு வரும் அளவுக்கு மரியாதை பெற்ற அந்த மை, தண்ணீரிலும் வெயிலிலும் எத்தனை மார்க் வாங்குகிறது என்று பார்ப்போம். உங்களிடம் பழைய பச்சைக் கையெழுத்துள்ள சான்றிதழ் இருந்தால், இப்போது எந்த நிறத்தில் இருக்கிறது என்று எழுதுங்களேன்.