ஒட்டிக் கொண்டதா? இழுக்காதீர்கள்!

ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் சிக்கிக் கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? என்னைப் போன்ற ஆசாமியாக இருந்தால் பல்லைக் கடித்துக் கொண்டு இழுப்பீர்கள். முகம் சிவக்கும், டம்ளர் அசையாது. என் மனைவி வந்து உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றுவாள். வெளி டம்ளரை வெந்நீரில் ஒரு நிமிஷம் வைப்பாள். அது சாதுவாகக் கழன்று வரும். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று ஒரு பார்வை வேறு!

அந்தப் பாடத்தை அடுக்களையிலேயே கற்றுக் கொண்டிருந்தால், ஒரு தேனீக் குடும்பத்தை நான் இழந்திருக்க மாட்டேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்புறம் நாலு தென்னை, ஒரு முருங்கை, கொஞ்சம் வாழை. இத்தனை பூவும் வீணாகிறதே என்று மார்த்தாண்டத்தில் ஓர் அண்ணாச்சியிடம் தேனீப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். மார்த்தாண்டம் என்றாலே தேன்தானே! 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே நிறுவிய கிராம நிலையம் கற்றுக் கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று.

வாங்கியது நியூட்டன் பெட்டி. ஆப்பிள் விழுந்த நியூட்டன் அல்ல. 1911-க்கும் 1917-க்கும் இடையே தென்னாட்டுக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக் கொடுத்த பாதிரியார் நியூட்டன். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கென்று அவர் அமைத்தது இது. அலமாரியில் புத்தகம் அடுக்கியது போல் உள்ளே 7 மரச் சட்டங்கள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அடை.

ஒரு சட்டம் உடைந்திருந்தது. அதை எடுத்து எறிந்து விட்டு, மற்ற ஆறையும் 'காற்றோட்டமாக இருக்கட்டும்' என்று தாராளமாகப் பரப்பி வைத்தேன். பிறகு இரண்டு மாதம் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் காலை ஆபீசுக்குப் போகும் அவசரத்தில் திறந்து நடுச் சட்டத்தைப் பிடித்தேன். வரவில்லை. இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். வந்தது - மேற்கட்டை மட்டும்! அடை அறுந்து, புழுவும் தேனுமாகப் பெட்டிக்குள் விழுந்தது. அப்புறம் நடந்ததை என் மூக்கும் இரண்டு காதுகளும் ஒரு வாரம் ஊருக்கெல்லாம் அறிவித்துக் கொண்டிருந்தன.

வீக்கம் வடிந்து விட்டது. ஆனால் மூன்றாம் நாள் பெட்டியில் சத்தம் இல்லை. திறந்து பார்த்தேன். ஒரு தேனீ கூட இல்லை. வீட்டை இடித்தவனோடு நமக்கென்ன பேச்சு என்று குடும்பத்தோடு கிளம்பி விட்டன. அடுக்குத் தேனீயின் சுபாவமே அப்படி. தொந்தரவு பொறுக்காது.

மார்த்தாண்டத்துக்கு ஓடினேன். அண்ணாச்சி என் மூக்கைப் பார்த்தார். "தம்பி, சட்டத்தப் பிடிச்சு இழுத்தியளோ?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்து கொண்டேன்.

சட்டம் ஏன் ஒட்டிக் கொள்கிறது? தேனீயிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-இல் அதன் பயனைக் கண்டு கொண்டார். கால் அங்குலத்துக்கு மேல், 3/8 அங்குலத்துக்குள் சந்து இருந்தால் தேனீ அதை நடைபாதையாக விட்டு வைக்கும். அதற்குக் குறைந்தால் அடைத்து விடும். மிஞ்சினால் அடை கட்டிப் பாலம் போட்டு விடும். நம் தேனீ உருவில் சிறியது. அதன் கணக்கு இன்னும் சற்றுக் குறைவு. நான் விட்ட 'காற்றோட்டம்' அதற்குக் காலி மனையாகத் தெரிந்திருக்கிறது!

இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அது மரங்களிலிருந்து பிசின் கொண்டு வந்து சந்துகளைப் பூசும். குளிரில் அது இறுகி விடும். நெம்பினால் 'படக்'கென்று விடுபட்டுப் பெட்டியே அதிரும். நம் அடுக்குத் தேனீ பிசினைத் தேடிப் போவதில்லை என்றே சொல்லலாம். அது ஒட்டுவதெல்லாம் மெழுகால்தான்.

அண்ணாச்சி தம் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். நீங்களும் கூடவே பாருங்கள்.

வெயில் ஏறிய காலை நேரம். காற்றும் மழையும் இல்லை. வாசலை மறைக்காமல் பக்கத்தில் நின்று கொண்டார். தேங்காய் நார் புகையை வாசலில் இரண்டு மூன்று முறை ஊதி, ஒரு நிமிஷம் பொறுத்தார். பிறகுதான் மூடியை எடுத்தார்.

நடுச் சட்டத்தைத் தொடவே இல்லை. ஓரச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். அங்கே தேன்தான் அதிகம். ராணி இருப்பது அபூர்வம். சுவரோடு ஒட்டிய மெழுகை மெல்லிய கத்தியால் அறுத்தார். சட்டத்தின் காதருகே தட்டையான உளியைச் செருகி லேசாகத் திருகினார். முதலில் ஒரு முனை, பிறகு மறு முனை. "மொதல்ல பக்கவாட்டுல நெகிழணும் தம்பி. மேல தூக்குறது பெறகு." இரண்டும் நெகிழ்ந்த பின் ஒரு விரற்கடை உயர்த்தி, நிறுத்தி, பார்த்தார். அதன் பிறகே நேராகத் தூக்கி, நிழலில் ஒரு காலிப் பெட்டிக்குள் வைத்தார்.

இப்போது உள்ளே இடம் கிடைத்து விட்டது. அடுத்த சட்டத்தை அந்த இடத்துக்கு நகர்த்தி, அதன் பிறகு தூக்கினார். இரண்டு அடைகளுக்கு நடுவே மெழுகுப் பாலம் இருந்த இடத்தில், மேலிருந்து கத்தியை இறக்கி அறுத்த பிறகே அசைத்தார். சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலேயே நிறுத்திப் பிடித்தார். ராணி தவறினாலும் பெட்டிக்குள்தானே விழும்! சட்டத்தைப் படுக்க வைத்தால் தேன் கனத்தில் அடை முறிந்து விடும்.

இவ்வளவு நிதானம் எதற்கு? சட்டம் அதிர்ந்தால் நாலு தேனீ நசுங்கும். கொட்டும் தேனீயும் நசுங்கும் தேனீயும் ஓர் அபாய வாசனையை வெளிவிடுகின்றன. வாழைப்பழ வாசனை போலிருக்கும். அதை முகர்ந்தால் மற்றவை போருக்குப் புறப்படும். நசுங்கியது ராணியாக இருந்தாலோ, புது ராணி உருவாகி வெளிவரவே நாள் பிடிக்கும். அது முட்டையிடத் தொடங்க இன்னும் பல நாள்.

"அடை அறுந்தே போச்சுன்னா, அண்ணாச்சி?"

"சட்டத்துக்குள்ள வச்சு வாழைநாரால கெட்டுங்க. தேனீயே ஒட்டிக்கிடும்."

எனக்கு அன்று தெரிந்திருந்தால்!

முடிவில் கட்டைகளின் மேலிருந்த மெழுகையெல்லாம் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டார். கீழே எறியவில்லை, மெழுகு காசு. சட்டங்களை எடுத்த வரிசையிலேயே, அதே திசையில், நெருக்கி வைத்தார். ஒரு சட்டம் குறைந்தால் மற்றவற்றைப் பரப்பக் கூடாதாம். சேர்த்து வைத்து ஓரத்தில் ஒரு தடுப்புப் பலகை நிறுத்த வேண்டுமாம்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டாவது குடும்பம் குடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெட்டியைத் திறக்கிறேன். ஆபீஸ் நாளில் மூடியைத் தொடுவதே இல்லை. போன வாரம் ஒரு சட்டம் எவ்வளவு திருகியும் நெகிழவில்லை. மூடி வைத்து விட்டு வந்தேன். மறு ஞாயிறு எதிர்ப்பக்கத்து ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன், வந்து விட்டது.

உள்ளே போனால் மனைவி டம்ளரை நீட்டினாள். ஒன்றுக்குள் ஒன்று சிக்கியது. நான் இழுக்கவில்லை. வெந்நீர் போட்டேன்.